நண்டு என்ற ஒரு சொல்லுக்குள் 51 இனங்கள்

உயர்தர உயிரியலில் ஆத்திரோப்போடாக் கணத்தைப் படிக்கும்போது பாடநூலோடு ஆங்கிலத் துணைநூல்களையும் புரட்டுவோம். அவற்றில் ஒரு பிராணியின் படம் அடிக்கடி வரும். பார்வைக்குச் சின்னச் சிங்க இறால் போலிருக்கும். ஆனால் அது வாழ்வது ஆற்றிலும் ஓடையிலும் சதுப்பிலும். அதன் பெயர் கிரேஃபிஷ். பெயரில் மீன் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது மீனன்று. இறாலுக்கும் நண்டுக்கும் உறவான ஓட்டுடலி.

இந்தப் பிராணி நம் நாட்டில் எங்கே இருக்கிறது என்று தேடிப் படித்தேன். கிடைத்த விடை எனக்கு வியப்பாக இருந்தது. இலங்கையின் ஆறுகளுக்குச் சொந்தமான கிரேஃபிஷ் ஓர் இனம்கூட இல்லை. அதன் இடத்தில் நன்னீர் நண்டுகள் என்ற வேறொரு கூட்டம் இருக்கிறது. உலக விலங்கியலாளர்கள் நம் தீவைத் திரும்பிப் பார்க்கும்படி செய்த கூட்டம் அது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு பிராணி நற்பிட்டிமுனை வயல் வரம்புகளில் பொந்து போட்டு வாழ்கிறது. நாம் அதை ‘வயல் நண்டு’ என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறோம்.

கிரேஃபிஷ் இல்லாத நாடுகள்

உலகில் 600க்கும் மேற்பட்ட கிரேஃபிஷ் இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றில் பாதிக்கு மேல் வட அமெரிக்காவில் வாழ்கின்றன. ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களின் ஓடைகள் இவற்றுக்குப் பெயர்பெற்றவை. அவுஸ்திரேலியாவிலும் 100க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அங்குள்ள தஸ்மேனியத் தீவின் ஓடைகளில் வாழும் ஓர் இனமே நன்னீரில் வாழும் முள்ளந்தண்டிலிகளில் மிகப் பெரியது. நியூசிலாந்து, தென் அமெரிக்கா, மடகஸ்கார் ஆகிய இடங்களிலும் கிரேஃபிஷ் உண்டு. ஆனால் ஆபிரிக்கப் பெருநிலத்துக்கும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான இனம் எதுவும் இல்லை.

இது ஒரு புதிர். மடகஸ்கார், இந்தியா, இலங்கை, அவுஸ்திரேலியா ஆகிய எல்லாம் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கொண்டுவானா என்ற ஒரே பெருநிலத்தின் பாகங்களாக இருந்தவை. இருபுறத்திலும் உள்ள பிராணி நடுவில் மட்டும் ஏன் இல்லாமல் போனது? விலங்கியலாளர் சிலர் தரும் விளக்கம் நன்னீர் நண்டுகளையே சுட்டுகிறது. நண்டும் கிரேஃபிஷும் ஏறத்தாழ ஒரே தொழிலைச் செய்பவை. இரண்டும் கரையில் பொந்து தோண்டும். உதிர்ந்த இலைகளையும் சிறு பிராணிகளையும் செத்தவற்றையும் தின்னும். இரவில் வெளியே வரும். ஒரே தொழிலுக்கு இருவர் போட்டியிட்டால் ஒருவர்தான் நிலைப்பார். வெப்ப நாடுகளின் நீர்நிலைகளில் நண்டு நிலைத்துவிட்டது.

எனவே ஆங்கில நூல் கிரேஃபிஷைக் காட்டிச் சொல்லித் தரும் பாடங்கள் பலவற்றை நாம் வயல் நண்டைக் காட்டியே கற்கலாம்.

இந்தச் சின்னத் தீவில் இத்தனை ஏன்?

2005ஆம் ஆண்டு வெளியான ஒரு மதிப்பீட்டின்படி இலங்கையில் 51 நன்னீர் நண்டு இனங்கள் உள்ளன. அவற்றில் 50 இனங்கள் நம் நாட்டுக்கே உரியவை. அதாவது உலகில் வேறு எங்கு தேடினாலும் கிடைக்காதவை. அவை ஏழு சாதிகளில் அடங்குகின்றன. அந்த ஏழில் ஐந்து சாதிகளும் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. எஞ்சிய இரண்டை மட்டும் நாம் இந்தியாவோடு பகிர்ந்துகொள்கிறோம்.

இதன் பெறுமதி ஒரு கணக்கில் புரியும். இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். உலக நிலப்பரப்பில் இது இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2009இல் உலகம் முழுவதிலும் அறியப்பட்டிருந்த நன்னீர் நண்டு இனங்கள் 1,280. அவற்றில் 51 இங்கே இருப்பது என்றால் நூற்றுக்கு நான்கு இந்தத் தீவில் இருக்கிறது.

இதற்கான காரணம் நண்டின் முட்டையில் இருக்கிறது. கல்முனைச் சந்தைக்கு வரும் கடல் நண்டை எடுத்துக்கொள்வோம். ஒரு தாய் நண்டு இலட்சக்கணக்கில் முட்டையிடும். ஒவ்வொரு முட்டையும் தூசி அளவில் இருக்கும். அதிலிருந்து வெளிவருவது நண்டின் சாயலே இல்லாத குடம்பி. அது வாரக்கணக்கில் கடலில் மிதந்து, நீரோட்டம் கொண்டுபோகும் இடத்துக்கெல்லாம் போகும். அதனால் கடல் நண்டு இனமொன்று பல நாடுகளின் கரைகளில் பரவிக் கிடக்கும்.

நன்னீர் நண்டுக்கு அந்தக் குடம்பிப் பருவமே இல்லை. அது இடும் முட்டைகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு, அளவில் பெரியவை. தாய் அவற்றைத் தன் வயிற்று மடிப்புக்குள் வைத்துச் சுமக்கும். முட்டை பொரிக்கும்போது வெளிவருவது கால், கொடுக்கு எல்லாம் உள்ள முழு நண்டுக்குஞ்சு. பொரித்த பின்னும் சில காலம் குஞ்சுகள் தாயின் மடிப்புக்குள்ளேயே இருக்கும். கிரேஃபிஷும் தன் குஞ்சுகளை இப்படித்தான் சுமக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவல்ல. ஆனால் ஓடும் நீரில் குடம்பியை விட்டால் அது கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டுவிடும் என்ற ஒரே பிரச்சினைக்கு இரண்டும் ஒரே தீர்வைக் கண்டிருக்கின்றன.

தாயின் மடிப்பிலிருந்து இறங்கும் குஞ்சு எவ்வளவு தூரம் நடக்கும்? ஒரு மலைச்சரிவின் ஓடையில் பிறந்தது அந்த ஓடையிலேயே வாழ்ந்து முடிகிறது. அடுத்த பள்ளத்தாக்குக்குப் போக நடுவில் ஒரு மலைமுகடு தடுக்கிறது. இப்படிப் பிரிந்த கூட்டங்கள் பல இலட்சம் ஆண்டுகள் தனித்தனியே வாழும்போது வெவ்வேறு இனங்களாகிவிடுகின்றன. கூர்ப்புப் பாடத்தில் ‘புவியியல் தனிப்படுத்தல்’ என்று நாம் படிப்பது இதைத்தான். கலாபகசுத் தீவுகளின் குருவிகளை உதாரணமாக மனனம் செய்கிறோம். நம் மலைநாட்டு ஓடைகளின் நண்டுகள் அதே பாடத்தை நமக்கு அருகிலேயே நடத்துகின்றன.

கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியுகக் காலங்களில் இலங்கையும் இந்தியாவும் பாக்கு நீரிணை வழியாக நிலத்தால் இணைந்திருந்தன. அப்படியானால் இரு நாட்டுப் பிராணிகளும் கலந்திருக்க வேண்டுமே என்று தோன்றும். 2004இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் பிராங்கி பொசூயிட்டும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை இதை டி.என்.ஏ. சான்றுகளோடு ஆராய்ந்தது. தவளை, பாம்பு, மீன், இறால் ஆகியவற்றோடு நன்னீர் நண்டையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தரைவழி திறந்திருந்த போதிலும் இலங்கைக் கூட்டங்களில் பல, இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைக் கூட்டங்களோடு பெரிதாகக் கலக்காமல் தம் வழியே வளர்ந்திருக்கின்றன என்று அவர்கள் கண்டார்கள்.

எண்ணியவர்கள்

51 என்ற எண் ஒரே நாளில் வந்ததல்ல. அதற்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு உண்டு. அதன் முதற்பக்கங்களில் ஒன்று நம் கிழக்கு மாகாணத்தில் தொடங்குகிறது. 1887இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வெளியான ஒரு சஞ்சிகையில் திருகோணமலையின் ஓட்டுடலிகள் பற்றி முல்லர் என்பவர் எழுதினார். ஒசியோதெல்பூசா என்ற சாதிப் பெயர் அந்தக் கட்டுரையில்தான் பிறந்தது. இலங்கையின் உலர்வலய வயல்களிலும் குளங்களிலும் பெரிதும் காணப்படும் நண்டுகள் இந்தச் சாதியைச் சேர்ந்தவை.

1960இல் இலங்கை விலங்கியலாளர் சி. எச். பெர்னாண்டோ நம் நாட்டு நன்னீர் நண்டுகளைத் தொகுத்து எழுதினார். 1962இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்திலிருந்து பேர் பிரிங்க் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு இலங்கைக்கு வந்து பிராணிகளைச் சேகரித்தது. ஜேர்மனியரான ரிச்சர்ட் பொட் நண்டுகளை ஆராய்ந்து, மலைநாட்டு நண்டுச் சாதியொன்றுக்குப் பேர் பிரிங்கின் நினைவாகப் பெர்பிரிங்கியா என்று பெயர் சூட்டினார். இவ்வளவு நடந்தும் 1990களின் தொடக்கம் வரை அறியப்பட்டிருந்த இனங்கள் மிகச் சிலவே.

அதன் பின் நிலைமை மாறியது. ரொஹான் பெத்தியாகொட நிறுவிய வனவுயிர் மரபுரிமை அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் காடு காடாக, ஓடை ஓடையாகத் தேடினார்கள். அவர்களில் ஒருவர் மொஹமட் பாஹிர். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் நண்டு அறிஞர் பீற்றர் இங் அவர்களோடு இணைந்துகொண்டார். 2005இல் சிங்கப்பூரின் ‘ரஃபிள்ஸ் விலங்கியல் இதழ்’ இலங்கைக்கென்றே ஒரு சிறப்புத் தொகுதியை வெளியிட்டது. அதில் பாஹிரும் பீற்றர் இங்கும் சேர்ந்து 10 புதிய இனங்களை விவரித்தார்கள். பாஹிரும் டரன் யோவும் சேர்ந்து ஒசியோதெல்பூசாச் சாதியை மீளாய்வு செய்து மேலும் 8 புதிய இனங்களை விவரித்தார்கள். இப்படி 18 புதிய இனங்கள் ஒரே தொகுதியில் பெயர் பெற்றன.

இதை வாசித்தபோது நான் நின்று யோசித்த இடம் ஒன்று உண்டு. அந்த 18 இனங்களும் 2005இல் புதிதாகத் தோன்றியவை அல்ல. பல இலட்சம் ஆண்டுகளாகவே இருந்தவை. மழைக்காலத்தில் மக்கள் அவற்றைக் கண்டிருப்பார்கள். பிள்ளைகள் பிடித்து விளையாடியிருப்பார்கள். எல்லோரும் அவற்றை ‘நண்டு’ என்ற ஒரே பெயரால் அழைத்தார்கள். பெயர் ஒன்றாக இருந்ததால் பிராணியும் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள்.

பெயர் வைப்பதிலும் ஓர் அழகு இருக்கிறது. மின்னேரியாவின் பெயரைத் தாங்கிய ஓர் இனம் உண்டு. ரிட்டிகலை மலையின் பெயரைத் தாங்கியது ஒன்று. உருகுணைப் பிரதேசத்தின் பெயரால் அழைக்கப்படுவது ஒன்று. நம் நாட்டு ஊர்ப்பெயர்கள் இலத்தீன் பெயர்களின் ஓரத்தில் நின்று உலக நூலகங்களுக்குப் போயிருக்கின்றன.

நிறத்தை நம்பக் கூடாது

எங்கள் மூத்தவாப்பா வயல் செய்தவர். அவர் வயல் நண்டைக் ‘கறுத்த நண்டு’, ‘செவந்த நண்டு’ என்று இரண்டாகப் பிரிப்பார். அவருடைய கண் கூர்மையானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் விலங்கியலாளர்கள் நிறத்தை மட்டும் நம்பி இனம் பிரிப்பதில்லை. அதற்குக் காரணம் உண்டு. நண்டு வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்ற வேண்டும். கழற்றிய புதிதில் அதன் நிறம் ஒன்று. ஓடு இறுகி, சேறு படிந்து, பழையதான பின் நிறம் வேறு. குஞ்சின் நிறமும் பெரியதின் நிறமும்கூட ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது நண்டின் அடிப்பக்கம். வயிறு முன்னோக்கி மடிந்து ஒரு மூடியைப் போல ஒட்டியிருக்கும். அந்த மூடி ஒடுங்கிக் கூராக இருந்தால் ஆண். அகன்று வட்டமாக இருந்தால் பெண். முட்டைகளையும் குஞ்சுகளையும் தாங்க வேண்டியிருப்பதால் பெண்ணின் மூடி அகலமானது. இதைச் சின்னப் பிள்ளையும் கண்டுகொள்ளும். ஆனால் இனத்தைப் பிரித்தறிய ஆணின் அந்த மூடிக்கு அடியிலுள்ள முதற்சோடித் துணையுறுப்பை உருப்பெருக்கியின் கீழ் பார்க்க வேண்டும். அதன் நீளம், வளைவு, நுனியின் வடிவம் ஆகியவை இனத்துக்கு இனம் வேறுபடும். மேலே ஒரே மாதிரித் தெரியும் இரண்டு நண்டுகள் இந்த இடத்தில் வேறு வேறாக நிற்கும். மேலோட்டின் மேடு பள்ளங்கள், ஓரத்துப் பற்கள், கண்ணுக்கு இடையிலுள்ள அகலம் ஆகியவையும் அளக்கப்படும். இப்போது டி.என்.ஏ. ஒப்பீடும் சேர்ந்துகொண்டது.

ஓர் இனத்தைப் புதிது என்று அறிவித்தால் அந்த நண்டின் உடல் மதுசாரத்தில் இடப்பட்டு அருங்காட்சியகத்தில் வைக்கப்படும். அதுவே அந்தப் பெயருக்குரிய மூலப்படி. நூறாண்டுக்குப் பின் ஒருவருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்தப் போத்தலை எடுத்து ஒப்பிடலாம்.

வயலில் அதன் வேலை

வயல் நண்டைப் பற்றி விவசாயிகளிடம் கேட்டால் நல்ல வார்த்தை வராது. வரம்பைத் துளைக்கும். கட்டிய நீர் அந்தத் துளை வழியே அடுத்த வயலுக்கு இறங்கிவிடும். நட்ட இளம் நாற்றைக் கொடுக்கால் நறுக்கிவிடும். இது உண்மை. அதை மறைத்து நண்டுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். உதிர்ந்த இலையையும் அழுகிய வைக்கோலையும் செத்த பிராணியையும் தின்று அவற்றை மறுபடியும் மண்ணுக்குக் கொடுப்பது நண்டு. அதன் பொந்து வழியே காற்றும் நீரும் மண்ணின் ஆழத்துக்குப் போகின்றன. வயலில் வந்து இறங்கும் கொக்குக்கும் குளக்கரையில் திரியும் நீர்நாய்க்கும் அது இரை. சிறு நண்டுகளை விரால் போன்ற மீன்கள் உண்ணும். கோடையில் வாய்க்கால் வற்றும்போது நண்டு பொந்தின் அடியிலுள்ள ஈரத்தில் ஒடுங்கிக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். மாரி பிறந்து, கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடும் நாட்களில் அது மீண்டும் வெளியே வரும்.

உயிரியல் ஆய்வுகூடங்களுக்கும் வயல் நண்டு உதவியிருக்கிறது. நண்டின் கண் ஒரு காம்பின் மேல் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அந்தக் காம்புக்குள் ஓமோன் சுரக்கும் உறுப்புகள் உள்ளன. ஓடு கழற்றுவதைத் தடுத்து வைக்கும் ஓமோனும், உடற்பாயத்தில் சர்க்கரையின் அளவைக் கூட்டும் ஓமோனும் அங்கிருந்தே வருகின்றன. ஒசியோதெல்பூசாச் சாதியைச் சேர்ந்த தென்னிந்திய வயல் நண்டை வைத்துத் திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் இந்த ஓமோன்களை ஆராய்ந்தார்கள். பீடைகொல்லிகள் உடலில் என்ன செய்கின்றன என்பதையும் அதே நண்டில் பார்த்தார்கள். நாம் வரம்பிலிருந்து தட்டிவிடும் பிராணியின் உறவினர் வேறொரு நாட்டின் ஆய்வுகூடத்தில் ஆசிரியராக இருந்திருக்கிறது.

நம் ஊரில் யாரும் அதை உற்றுப் பார்க்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீரிலும் நிலத்திலும் வாழும் பிராணிகளை உண்பது பற்றி நம் மத்ஹபு நூல்களில் உலமாக்கள் தனியே பேசியுள்ளார்கள். அந்தச் சட்டத்துக்குள் நான் நுழையவில்லை. வயல் நண்டு நம் வீட்டுச் சட்டியில் ஏறுவதில்லை என்பதே இங்கு வேண்டிய விடயம். சட்டிக்கும் வராமல் சந்தைக்கும் வராமல் இருக்கும் பிராணியை யார் கவனிப்பார்? ஆனால் ஒரு படைப்பின் பெறுமதி நமக்கு அது உணவாகிறதா இல்லையா என்பதில் மட்டும் தங்கியிருக்கவில்லை. படைப்புகளைச் சிந்தித்துப் பார்க்கும்படி நமக்குச் சொல்லப்பட்டபோது, உண்ணக் கூடியவற்றை மட்டும் பாருங்கள் என்று சொல்லப்படவில்லை.

சத்தமில்லாமல் போய்விடக் கூடியவை

2009இல் நீல் கம்பர்லிட்ஜும் உடன் ஆய்வாளர்களும் உலகின் 1,280 நன்னீர் நண்டு இனங்களையும் மதிப்பிட்டார்கள். ஆறில் ஒரு பங்கு இனங்கள் அழியும் ஆபத்தை நெருங்கியிருக்கின்றன என்று கண்டார்கள். ஏறத்தாழப் பாதி இனங்களைப் பற்றி முடிவு சொல்லப் போதிய தகவலே இல்லை. உலக நிலை இது. அந்த மதிப்பீட்டில் இலங்கையின் நிலை இன்னும் கடுமையானது. இங்குள்ள இனங்களில் ஐந்தில் நான்கு பங்கு அச்சுறுத்தலுக்கு உள்ளானவை.

இனங்கள் பெருகியதற்கு எது காரணமோ அதுவே ஆபத்துக்கும் காரணம். ஓர் இனம் ஒரே ஒரு சரிவின் ஓடையில் மட்டும் வாழ்கிறது என்றால், அந்தச் சரிவின் காட்டை வெட்டினால் அந்த இனம் முடிந்தது. கடல் நண்டுக்குப் போல வேறொரு கரையிலிருந்து குடம்பி மிதந்து வந்து வெற்றிடத்தை நிரப்பப் போவதில்லை. நம் ஈரவலயக் காடுகளில் இன்று எஞ்சியிருப்பது சிறு சிறு துண்டுகள். சிங்கராஜவும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் சிவனொளிபாதமலைக் காடும் நண்டுகளுக்கும் கடைசிப் புகலிடங்கள்.

உலர்வலயத்தில் ஆபத்து வேறு வடிவில் வருகிறது. பூச்சியும் நண்டும் ஆத்திரோப்போடாக் கணத்தில் ஒன்றாக இருப்பவை என்று படிக்கிறோம். அப்படியானால் பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்து நண்டின் நரம்பைத் தாக்காமல் விடுமா? பூச்சியின் ஓடு உருவாவதைத் தடுக்கும் மருந்து நண்டின் ஓட்டை விட்டுவைக்குமா? அதிலும் ஓடு கழற்றி உடல் மெதுவாக இருக்கும் நாட்களில் நண்டுக்குப் பாதுகாப்பே இல்லை. பொந்துக்குள் மருந்தை ஊற்றும் பழக்கமும் உண்டு. அந்த மருந்து நண்டோடு நிற்பதில்லை. வரம்பின் ஈரத்திலிறங்கி, வாய்க்காலுக்குப் போய், கிணற்றுப் பக்கமும் வரும்.

இன்னொன்று நம் கண்முன்னே நடக்கிறது. வீட்டுக்கு வளவு போதாமல் போவதால் வயலையும் பள்ளக் காணியையும் மண் போட்டு நிரப்புகிறோம். மனிதருக்கு வீடு வேண்டும். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மண் நிரப்பிய காணியில் நண்டுப் பொந்து இருக்காது என்பதோடு, மாரி வெள்ளம் நிற்க வழக்கமாக இருந்த இடமும் இருக்காது. நண்டு இருக்கும் இடமும் நீர் தங்கும் இடமும் ஒன்றுதான். நண்டு போன பின் அந்த நீர் எங்கே போகும் என்பதை ஒவ்வொரு மாரியிலும் நம் ஒழுங்கைகளில் காண்கிறோம்.

கண்ணாடித் தொட்டியில் ஒரு விருந்தாளி

இல்லாத கிரேஃபிஷைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். உலகின் பல நாடுகளில் அலங்கார மீன் தொட்டிகளுக்காகவும் உணவுக்காகவும் கிரேஃபிஷ் நாடு விட்டு நாடு கொண்டுசெல்லப்படுகிறது. தொட்டியில் வளர்ப்பது சலித்துப்போனால் ஆற்றில் விட்டுவிடுவார்கள். அதன் விளைவைச் சரித்திரம் சொல்கிறது. 1860ஆம் ஆண்டளவில் இத்தாலியில் கிரேஃபிஷ் கொள்ளைநோய் என்ற ஒன்று தோன்றி ஐரோப்பாவெங்கும் பரவியது. வட அமெரிக்கக் கிரேஃபிஷ் தாங்கி வாழக்கூடிய அந்த நோயை ஐரோப்பிய இனங்களால் தாங்க முடியவில்லை. ஆறு ஆறாகச் செத்தன. கென்யாவின் நைவாஷா ஏரியில் 1970இல் விடப்பட்ட அமெரிக்கக் கிரேஃபிஷ் பெருகி, ஏரியின் நீர்த்தாவரங்களைத் தின்று தீர்த்தது.

நம் வாய்க்கால்கள் பட்டிப்பளை ஆற்றின் நீரைக் கொண்டுவருபவை. சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து கரையோர வயல்கள் வரை அந்த நீர் ஒன்றோடொன்று தொடர்புடையது. அதில் எங்கோ ஓரிடத்தில் விடப்படும் அந்நியப் பிராணி எங்கும் போகலாம். வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்கள் அதிலுள்ள எதையும் வாய்க்காலிலோ குளத்திலோ விட வேண்டாம்.

வரம்பிலிருந்து தொடங்கலாம்

ஆராய்ச்சி என்றதும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் விலையுயர்ந்த கருவியும் நம் நினைவுக்கு வருகின்றன. இனத்தைத் தீர்மானிக்க அவை வேண்டும். ஆனால் அதற்கு முந்திய வேலை ஒன்று உண்டு: எங்கே, எப்போது, எத்தனை என்று எழுதி வைப்பது. இதற்கு ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஓர் அளவுநாடா போதும்.

ஒரு வரம்பில் 10 மீற்றரை அளந்துகொள்ளுங்கள். அதிலுள்ள பொந்துகளை எண்ணுங்கள். திகதி, நேரம், வயலில் நீர் இருந்ததா, பயிர் எந்தப் பருவத்தில் நின்றது, மருந்து அடித்து எத்தனை நாள் என்பவற்றைக் குறியுங்கள். பெரும்போகத்தில் ஒரு தடவை, சிறுபோகத்தில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை அதே இடத்தைப் பாருங்கள். வெளியே வந்த நண்டைக் கண்டால் மேலோட்டின் அகலத்தை அளந்து, ஆணா பெண்ணா என்று பார்த்து, மேலும் கீழுமாகப் படமெடுத்து, கண்ட இடத்திலேயே விட்டுவிடுங்கள். வயிற்றில் முட்டையோ குஞ்சோ இருந்தால் மடிப்பைத் திறக்காமல் விடுவதே நல்லது. கொல்ல வேண்டியதில்லை, போத்தலில் அடைக்கவும் வேண்டியதில்லை.

பெற்றோர்களுக்கு இங்கே சில வார்த்தைகள். பொந்துக்குள் கைவிட யாரையும் அனுமதிக்க வேண்டாம். நண்டுப் பொந்தில் பாம்பும் இருக்கும். காலில் காயத்தோடு வயல் நீரில் இறங்கக் கூடாது, எலிக்காய்ச்சல் வரக்கூடும். மருந்தடித்த வயலுக்குப் போகக் கூடாது. வயலுக்குரியவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது முறை. இவற்றைக் கவனித்தால் பயப்பட ஒன்றுமில்லை. மகளோடு வாப்பாவோ காக்காவோ ஒரு பின்னேரம் வரம்பில் நடந்தால் போதும். வயலில் பழகிய அவர்களுக்குத் தெரிந்ததும், வகுப்பில் படித்த எங்களுக்குத் தெரிந்ததும் ஒரே கொப்பியில் சேரும். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளில் பெண்கள் பலர். வைத்தியராவது ஒன்றே அந்தப் பாடத்தின் முடிவு என்று நினைக்கிறோம். விலங்கியலும் ஒரு துறை. அதில் நம் பிள்ளைகளுக்கும் இடமுண்டு.

ஐந்து பாடசாலைகள் ஐந்து வட்டைகளில் இப்படி மூன்று வருடம் குறித்து வைத்தால், எந்த வட்டையில் நண்டு பெருகுகிறது, எதில் குறைகிறது என்பது கண்ணால் பார்க்கும்படி தெரியும். பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் நாளை நம் பக்கம் வந்தால் அவருடைய வேலையில் பாதி முடிந்திருக்கும். மின்னேரியாவுக்கும் ரிட்டிகலைக்கும் கிடைத்த இடம் நம் ஊர்ப்பெயர் ஒன்றுக்கும் கிடைக்காது என்று யார் சொன்னது?

பெயரில்லாத பிராணி அழிந்தால் அழிந்தது என்று எழுதக்கூட ஒரு சொல் இருக்காது. அதனால் முதல் வேலை பார்ப்பது, இரண்டாவது எழுதுவது. இந்த மாரிக்கு முதல் மழை விழுந்ததும் வயல் நண்டுகள் பொந்தை விட்டு வெளியே வரும். அப்போது ஒரு கொப்பியோடு வரம்புக்குப் போக யார் யார் தயார்?